கூட யாரும் வரலையா?

திங்கட்கிழமை காலை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். சாயல்குடி, ஏர்வாடி, மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி என்று கடற்கரை நெடுக இருந்து மனுவும் கையுமாக ஜனம் வந்து இறங்கும். அந்தக் கூட்டத்தில் கண் தெரியாத ஒருவர் கோலைத் தட்டிக்கொண்டு தனியாகப் போய் நின்றால், "என்ன மனு?" என்று கேட்பதற்கு முன்னால் "கூட யாரும் வரலையா?" என்றுதான் கேட்பார்கள். கூட ஒருவர் வந்திருந்தால் இன்னும் மோசம். மனுக் கொடுத்தவரை விட்டுவிட்டு, "இவருக்கு என்ன வேணுமாம்?" என்று பேச்சு வந்தவர் பக்கம் திரும்பிவிடும்.

எங்கள் பார்வையற்றோர் சங்கத்தின் வேலையே ஏறக்குறைய இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுவதுதான். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. உச்சிப்புளிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். பள்ளி இல்லாத நாளில் சங்க வேலை. சங்கம் என்றதும் கட்டடம், போர்டு என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு பழைய லேப்டாப், மாதம் ஒரு தடவை கூடிப் பேச யார் தயவிலாவது கிடைக்கும் ஓர் அறை, அவ்வளவுதான். சம்பளம் யாருக்கும் இல்லை. எங்களில் ரயிலில் கடலைமிட்டாய் விற்பவர் இருக்கிறார், கருவாட்டுக் கடை போடுபவர் இருக்கிறார், கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கண் தெரிந்தவர்களும் சிலர் உண்டு. அதில் ஒருவர் ரிட்டயர்டு தபால்காரர். எந்த ஊரில் எந்த வீட்டில் யார் முடங்கிக் கிடக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். வேறு ஊரில் யாராவது இப்படி ஒன்றை ஆரம்பிக்க நினைத்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மருத்துவச் சான்று. அது இருந்தால்தான் யூ.டி.ஐ.டி. என்கிற, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. அட்டை இருந்தால்தான் மாத உதவித்தொகை, பஸ் பாஸ், ரயில் சலுகை, வேலையில் இட ஒதுக்கீடு எல்லாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறது. முழுக்கப் பார்வை இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டே இல்லை. கொஞ்சம் தெரிந்து கொஞ்சம் தெரியாதவர்கள்தான் அங்கே மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள்.

பாம்பன் பக்கத்து அண்ணன் ஒருவர். விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். சின்ன வயதிலேயே மாலைக்கண். நம் பக்கம் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கிற வழக்கம் இருப்பதால் விழித்திரை தேய்ந்துபோகிற இந்தப் பரம்பரை நோயை அடிக்கடி பார்க்கிறோம். முதலில் இருட்டில் தெரியாது. அப்புறம் ஓரங்களில் இருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும். நடுவில் மட்டும் கடைசி வரை கொஞ்சம் மிஞ்சும். மூங்கில் குழாய் வழியாக உலகத்தைப் பார்ப்பது மாதிரி. ராத்திரி கடலில் இருக்கிற தொழில். கயிற்றில் கால் சிக்கி இரண்டொரு தடவை விழுந்த பிறகு படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி "வேணாம்ப்பா, உன்னைக் கூட்டிட்டுப் போய் நான் கேஸ் வாங்க முடியாது" என்று நிறுத்திவிட்டார்.

கரைக்கு வந்ததும் வேறு தொல்லை. டீக்கடையில் உட்கார்ந்து பேப்பரைப் பொடி எழுத்துவரை படிப்பார். எழுந்து நாலடி நடந்தால் பக்கத்து பெஞ்சில் முட்டிக்கொள்வார். "பேப்பர் படிக்கத் தெரியுது, எதிர்ல வர்ற ஆள் தெரியலையாம். என்னமா நடிக்கிறான்" என்று ஊரே சொன்னது. சான்றுக்காகப் போன ஒரு முகாமிலும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார்கள். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையில் பாதிக்கு மேல் படித்துவிட்டார். சதவீதம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள்.

சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகவே இருக்கிறது. நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், 3/60க்குக் குறைவாகத் தெரிந்தால், அதாவது மற்றவருக்கு 60 மீட்டரில் தெரிவது 3 மீட்டரில்கூடத் தெரியாவிட்டால், பார்வையின்மை. அதோடு நிற்கவில்லை. பார்வை பரவும் அகலம் 10 பாகைக்கும் (டிகிரிக்கும்) குறைவாக இருந்தாலும் பார்வையின்மைதான். 40 பாகைக்குக் கீழே 10 பாகை வரை இருந்தால் குறைபார்வை. ஆக, எழுத்துப் பலகை பாதி சோதனைதான். மீதிப் பாதிக்கு ஃபீல்டு டெஸ்ட் எடுக்க வேண்டும். ஒரு கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, நடுப் புள்ளியைப் பார்த்தபடியே, அங்கங்கே மினுக்கும் வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்துவது. முகாமுக்கு அந்த மெஷின் வராது. இன்ன ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்து வா என்று டாக்டர் எழுதித் தர வேண்டும்.

அடுத்த தடவை போகும்போது அட்டவணையின் அந்தப் பத்தியைத் தமிழில் ஒரு தாளில் டைப் செய்து கொடுத்தோம். பேச வேண்டியது அவர். டாக்டர் முன்னால் அந்தத் தாளை அவரே கணீரென்று படித்தார். அறையில் இருந்த யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. படித்து முடித்ததும் அண்ணன், "சார், உங்க கையில இருக்கிற பேனாவை என் கால்கிட்ட எங்கயாவது போடுங்க" என்றார். பேனா விழுந்த சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி நகர்கிற சத்தம், தரையில் கை துழாவுகிற சத்தம். ரொம்ப நேரம் துழாவினார். சிரித்தவர் அப்புறம் சிரிக்கவில்லை. டாக்டர் ஒன்றும் பேசாமல் ஃபீல்டு டெஸ்டுக்குச் சீட்டு எழுதினார். ரிசல்ட் 10 பாகைக்குள் வந்தது. சட்டப்படி அவர் குறைபார்வை உள்ளவர்கூட இல்லை, பார்வையற்றவர். வெளியே வந்ததும் அவர் மனைவி கேட்டது இதுதான்: "அப்ப இனிமே ஊர்ல ஒருத்தனும் நடிக்கிறான்னு வாயத் தொறக்க மாட்டான்ல?"

மாலைக்கண், குளுக்கோமா போன்ற நோய் உள்ளவரை அனுப்பும்போது இப்போது நாங்கள் சொல்லி அனுப்புவது: இருக்கிற நல்ல கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போங்கள், பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போங்கள், "ஓரம் தெரியவில்லை, ஃபீல்டு டெஸ்ட் எடுக்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னால் பாதிப் பேர் சீட்டே கொடுத்துவிடுவார்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடுங்கள். இன்னொன்று. "போர்டுல ஒரு எழுத்தும் தெரியலைன்னு சாதிச்சிரு" என்று சொல்லிக் கொடுக்கிற புரோக்கர்கள் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒருத்தர் மாட்டினால் அடுத்து வருகிற அத்தனை பேரையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். உண்மையை முழுசாகச் சொன்னாலே சட்டம் நம் பக்கம் நிற்கும்போது பொய் எதற்கு?

சான்றுக்கு அடுத்து அதிகமாக வருகிற வழக்கு பேங்க்.

கீழக்கரைப் பக்கம் ஒரு லாத்தா, முஸ்லிம் அக்கா. அவர் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். மாதா மாதம் பணம் வரும். சர்க்கரை நோய் கண்ணில் இறங்கி நாற்பது வயசுக்கு மேல் பார்வை போனது. அதுவரை தன் கணக்கைத் தானே பார்த்தவர். பார்வை போனதும் மகனைச் சேர்த்துக் கூட்டுக் கணக்காக மாற்று, ஏ.டி.எம். கார்டு கிடையாது, செக் புக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எந்த பேங்க் என்பது இங்கே முக்கியமில்லை. இப்படிச் சொல்கிற கிளை எந்த ஊரிலும் உண்டு. ரிசர்வ் பேங்க் 2008 ஜூன் 4ஆம் தேதியே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பார்வையற்றவர் ஒப்பந்தம் செய்துகொள்ளச் சட்டப்படி தகுதி உள்ளவர், ஆகவே செக் புக், ஏ.டி.எம்., நெட் பேங்கிங், லாக்கர், கடன் என்று எதையும் பாரபட்சம் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சுற்றறிக்கையின் நகலோடு, கல்லூரிப் பெண் ஒருத்தியையும் துணைக்கு அனுப்பினோம். நானும் போயிருந்தேன்.

துணைக்குப் போகிறவருக்கு எங்களிடம் ஒரு விதி உண்டு. அரை அடி பின்னால் நிற்க வேண்டும். கேள்வி தன்னிடம் வந்தால் ஒரே பதில்தான்.

"நீங்க யாரும்மா, அவங்க பொண்ணா?"

"அவங்ககிட்டயே கேளுங்க சார்."

"இல்ல, அவங்களுக்குக் கையெழுத்துப் போட வருமா?"

"அவங்ககிட்டயே கேளுங்க சார்."

கேட்க எளிதாகத் தோன்றும். செய்து பார்த்தால் தெரியும், நாக்கைக் கட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று. நன்றாகப் படித்த, சட்டம் தெரிந்த தொண்டர்கள்தான் இதில் தோற்றுப்போவார்கள். விவரம் தெரிந்தவர் வாயைத் திறந்துவிட்டால் லாத்தா மறுபடியும் மூட்டை மாதிரி ஓரமாக உட்கார வேண்டியதுதான். காரியம் அன்றைக்கு நடந்துவிடும். அடுத்த மாதம் தனியாகப் போனால் அதே கேள்வி திரும்ப வரும்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். "ஏமாத்திருவாங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்றார். லாத்தா உடனே, "கண்ணு தெரிஞ்சவங்களை யாரும் ஏமாத்துனதே இல்லையா தம்பி? ஏமாந்தா என் காசுதானே போகும், அதை நான் பாத்துக்கிறேன்" என்றார். சுற்றறிக்கை நகலை மேசையில் வைத்ததும் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். கேட்டார்கள், கார்டு வந்தது.

ஆனால் பெரிய முட்டுக்கட்டை பேங்க் இல்லை. தெருமுனையில் லாத்தாவின் மகன் எங்களை மறித்து, "எங்க உம்மாவை எதுக்குக் கிளப்பி விடுறீங்க? நான் பாக்கலையா?" என்று சத்தம் போட்டார். இதை எதிர்பார்த்தே போக வேண்டும். கண் தெரியாதவர் கையில் காசும் கையெழுத்தும் வந்தால் வீட்டுக்குள் கணக்கு மாறும். லாத்தா என்ன செய்தார் தெரியுமா? வாங்கின கார்டைக் கொண்டுபோய் மகனிடமே கொடுத்துவிட்டார். பணம் எடுத்தால் வருகிற மெசேஜ் மட்டும் தன் போனுக்கு வரும்படி, போன் அதைத் தமிழில் படித்துச் சொல்லும்படி வைத்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை, இதுக்கா இவ்வளவு அலைந்தோம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவு லாத்தாவுடையது. மகனும் இப்போது எடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டு எடுக்கிறாராம்.

கார்டை நீங்களே பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு சின்னக் குறிப்பு. 2014 ஜூலைக்குப் பிறகு வைக்கிற எல்லா ஏ.டி.எம்.மும் பேசுகிற மெஷினாக, பிரெய்ல் பட்டனோடு இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் உத்தரவு. மெஷின் முகப்பைத் தடவினால் இயர்போன் சொருகுகிற ஓட்டை அகப்படும். சொருகினால்தான் பேசும். பழைய மாதிரி உருண்டைப் பின் உள்ள இயர்போன் ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். புதுப் போன்களோடு பயன்படுத்தும் இயர்போன் பல அதில் பொருந்தாது. காசு எண்ணவில்லை என்றாலும், எத்தனை வந்தது என்று காதில் கேட்டுக்கொண்டு வரலாம்.

போனிலேயே கணக்குத் தொடங்குகிற காலம் இது. அங்கே "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று கேட்டு எங்களை வாசலிலேயே நிறுத்திவிடும். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. டிஜிட்டல் வசதியை எல்லோரும் பயன்படுத்த முடிவதும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், முகம் பார்த்து அடையாளம் சரிபார்க்கும்போது கண் சிமிட்டுவதற்குப் பதிலாக வேறு வழியும் வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பேங்க் மனுக்களில் இப்போது 2008 சுற்றறிக்கையோடு இதையும் சேர்த்துக்கொள்கிறோம்.

நோட்டு விஷயம் தனிக் கதை. 100 ரூபாயில் முக்கோணம், 500 ரூபாயில் வட்டம் என்று விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக அச்சடித்திருக்கிறார்கள். பேங்கில் இருந்து வந்த புது நோட்டில் தெரியும். எங்கள் கருவாட்டுக் கடை அக்கா கைக்கு வருகிற நோட்டு உப்பும் ஈரமும் ஏறி, மீன் சந்தையில் பத்துக் கை மாறி வருவது. மேடாவது பள்ளமாவது! ரிசர்வ் பேங்க் 2020இல் விட்ட மணி என்கிற ஆப் நோட்டைப் பார்த்து மதிப்பைச் சொல்லும், நெட் வேண்டியதில்லை. அக்காவுக்கு அதுவும் முதலில் ஒத்துழைக்கவில்லை. கேமரா மேல் உப்புப் படலம். சேலை முந்தானையில் ஒரு துடை துடைத்துவிட்டு நோட்டை நீட்டினால் "நூறு ரூபாய்" என்கிறது. நாணயத்தில் பிரச்சினை குறைவு. 2019இல் அறிவித்த 20 ரூபாய்க் காசுக்குப் பன்னிரண்டு பக்கம், தொட்டாலே தெரியும்.

ரேஷன் கடைக்கு வருகிறேன். தீவுப் பக்கம் கடல்பாசி எடுத்துப் பிழைத்த ஆத்தா ஒருவர் இருக்கிறார். பாறையிலும் பவளத்திலும் உரசி உரசி விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேகை விழவில்லை என்றால் கருவிழியைக் காட்டச் சொல்வார்கள். ஆத்தாவுக்கு இரண்டு கண்ணும் குளுக்கோமாவில் போய் வெண்மை படர்ந்து கிடக்கிறது, மெஷின் எதைப் படிக்கும்? ரேகையும் விழியும் இல்லாதவருக்கு விதிவிலக்கோடு ஆதார் எடுக்க வழி உண்டு. கடையில் நேரில் வர முடியாதவருக்கு வேறு ஒருவர் வாங்கிவர அங்கீகாரப் படிவம் உண்டு. 2025 ஆகஸ்ட் 12 முதல் தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் வருகிறது. இந்த மூன்றில் எதையும் ஆத்தாவிடம் யாரும் சொன்னதில்லை. தபால்காரர் ஐயா போய்ச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. உரிமைப் போராட்டம் என்று பெரிதாகச் சொல்கிறோம். பல நாள் அது இப்படி வாசல் வாசலாகச் செய்தி சொல்கிற வேலைதான்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுத ஆள் தேடுவதில் எங்களுக்குக் கொஞ்சம் கைராசி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும், கடலுக்குப் போகிற பையன்கள் வீட்டில் இருப்பார்கள். அதில் காலேஜ் படிக்கிறவர்களைப் பிடித்து உட்கார வைத்துப் பழக்குகிறோம். எழுதுகிறவர் பழக வேண்டியது கையெழுத்து இல்லை, வாசிப்பு. கேள்வியை அவசரப்படாமல், நாலு விடையையும் சேர்த்து, ஒரே சீரான குரலில் படிக்க வேண்டும். சரியான விடை வரும்போது குரல் லேசாக ஏறிவிடக் கூடாது. இது எத்தனை பேருக்கு வராது என்பது பழக்கும்போதுதான் தெரிகிறது! படம் இருந்தால் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும், என்ன அர்த்தம் என்று சொல்லக் கூடாது. பரீட்சை எழுதுகிற பிள்ளையும் பழக வேண்டும்: கால்புள்ளி, பத்தி எல்லாம் சொல்லி எழுத வைக்க, இடையில் "எதுவரை எழுதினே, படி" என்று கேட்க.

மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறையைக் கையில் வைத்திருங்கள். 2018இல் விட்டதை 2025இல் மாற்றியிருக்கிறார்கள், அதனால் இப்போது நடப்பில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 நெறிமுறைப்படி எழுத ஆளைத் தேர்வு எழுதுகிறவரே கூட்டி வரலாம், தேர்வு நடத்துகிறவர்களிடமும் கேட்கலாம் என்றிருந்தது. நாமே கூட்டிப்போனால் அவர் படிப்பு நம் படிப்புக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டியிருந்தது. அவர்கள் கொடுப்பதாக இருந்தால் இரண்டு நாள் முன்னால் சந்தித்துப் பார்க்க விட வேண்டும் என்றும் அதில் இருந்தது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். ஹால் சூபர்வைசருக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மூன்று மணி நேரப் பரீட்சை முடிகிற நிமிடத்தில் தாளைப் பிடுங்கிக்கொண்டு நிற்பவரிடம் வாதாடிப் பிரயோஜனம் இல்லை. பரீட்சை தொடங்கும் முன்னாலேயே நகலைக் கொடுத்து, எத்தனை மணிக்கு முடிகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டுப் போடப் போகும்போது கூட 18 வயது நிறைந்த ஒருவரை அழைத்துப் போகலாம். 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 49என் என்ற விதி அது. மெஷினில் பிரெய்ல் எண்ணும் இருக்கிறது. பிரெய்ல் தெரிந்தவர் தானே அழுத்துவதுதான் நல்லது, தன் ஓட்டு யாருக்கு என்று வீட்டில்கூடத் தெரியாது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

நடமாட்டத்தைப் பற்றிப் பட்டணத்தில் எழுதுகிறவர்கள் நடைபாதை, சிக்னல் என்று எழுதுகிறார்கள். எங்கள் கரையில் பிரச்சினை மணல். மணலில் கோல் பேசாது. சிமெண்டில் தட்டினால் எதிரே சுவரா வெட்டவெளியா என்று சத்தமே சொல்லும். மணலில் சொத்தென்று இறங்கி நின்றுவிடும். முனையில் உருண்டை பொருத்திய கோல் கொஞ்சம் பரவாயில்லை. அப்புறம் படகுக் கயிறு. கரையேற்றிய வள்ளத்தில் இருந்து நங்கூரம் வரைக்கும் முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். கோல் அதற்கு அடியில் நுழைந்து போய்விடும், கால்தான் கண்டுபிடிக்கும். அலைச் சத்தம் எந்தப் பக்கம், காற்று எந்தக் கன்னத்தில் என்று வைத்துத்தான் நாங்கள் திசை பிடிக்கிறோம். வாடைக்காற்று மாதங்களில் அது காதை அடைத்துவிடும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும்.

கயிறு விஷயத்துக்கு ஒரு மனுகூடப் போடவில்லை. மீனவக் கிராமத்தில் ஊர்க்கூட்டம் முடிவு செய்தால் அன்றைக்கே நடக்கும். கலெக்டர் ஆபீஸுக்கு நாலு நடை நடப்பதைவிட ஊர்த் தலைவரை ஒரு சாயங்காலம் போய்ப் பார்ப்பது மேல். ஒரு ஊரில் அப்படித்தான் செய்தோம். பாம்பன் அண்ணனே எழுந்து பேசினார். கோயிலுக்கும் கடைக்கும் போகிற ஒரு பாதையில் மட்டும் கயிறு கட்டுவதில்லை, வலை காயப்போடுவதில்லை என்று பேசி முடித்தார்கள். மீறினால் அபராதம் உண்டா என்று ஒருவர் கேட்டார். "மொதல்ல மீறட்டும், பாப்போம்" என்றார் தலைவர். இதுவரை பாதை காலியாகவே இருக்கிறது, கோழிகளைத் தவிர.

ரயிலில் கடலைமிட்டாய் விற்கிறவரைச் சொன்னேன். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறக்கிறவரைக்கும் ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லை. அந்த இரண்டு வருடமும் மண்டபத்தோடு அவர் வியாபாரம் முடிந்தது. தாக்குப்பிடிக்க உதவியது வருவாய்த்துறையின் மாத உதவித்தொகை. 2023 ஜனவரியில்தான் அது 1,000இல் இருந்து 1,500 ஆகியிருந்தது. போதுமா என்று கேட்காதீர்கள். பஸ்ஸுக்குக் காசு போகாதது ஓர் ஆறுதல். நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டியில் மாற்றுத்திறனாளிக்கும் கூடப் போகிறவருக்கும் டிக்கெட் இல்லை. ரயிலில் முழுக்கப் பார்வை இல்லாதவருக்கும் துணைக்கும் பல வகுப்புகளில் 75 சதவீதம் சலுகை, அதற்கு ரயில்வே தரும் தனி அட்டை வேண்டும்.

சங்கம் நடத்துவதில் சில நடைமுறைகள். ஒரு மனுவில் ஒரே விஷயம். நாலு குறையை ஒரே தாளில் எழுதினால் நாலு மேசைக்குப் போய் நாலிலும் தூங்கும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தத் தேதி உத்தரவு என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். பதிலை ஸ்கேன் செய்த படமாக அனுப்பாமல் டைப் செய்த எழுத்தாக அனுப்பக் கேளுங்கள். படத்தைப் போன் ஒழுங்காகப் படிக்காது. பதிலே வரவில்லையா, பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். வழக்கு என்று போனால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கண் தெரியாத பெட்டிக்கடைக்காரர் ஒருவரிடம் அவர் அண்ணன் தம்பிகளே "சும்மா ஒரு கையெழுத்து" என்று பனந்தோப்புப் பங்கை எழுதி வாங்கிவிட்டார்கள். அந்த வழக்கை அப்படித்தான் நடத்துகிறோம். சொத்தை வைத்துக்கொள்ளவும் ஆளவும் மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை எங்களுக்கும் உண்டு என்று 2016 சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. பத்திரத்தை எழுதி வாங்குகிறவர்களே படித்துக் காட்டினால் அது கணக்கில் சேராது. நீங்கள் கூட்டிப்போன ஆள் படிக்கட்டும், அல்லது போட்டோ எடுத்துப் போனைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அக்டோபர் 15 வெண்கோல் தினம். அந்த ஒரு வாரத்துக்கு எங்களுக்கு ஏகப்பட்ட உறவினர்கள் முளைப்பார்கள். ஐந்து கிலோ அரிசி, ஒரு சேலை, பத்து போட்டோ. அரிசியை வேண்டாம் என்று சொல்கிற நிலையில் எல்லோரும் இல்லை, அதனால் நாங்கள் வீம்பு பிடிப்பதில்லை. போட்டோ எடுப்பது மட்டும், அரிசி வாங்குகிறவர் சம்மதித்தால்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்டு அரிசியோடு திரும்பிப் போனவர்களும் உண்டு. உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்கிறவரிடம் லேப்டாப் கேட்கிறோம். அதில் என்.வி.டி.ஏ. என்கிற திரை வாசிக்கும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிடுவோம், அதற்குக் காசு கிடையாது.

தொண்டர்களில் பாவம் பார்த்து வருகிறவர்கள் சீக்கிரம் களைத்துவிடுகிறார்கள். டைப்பிங் தெரிந்தவர், பைக் ஓட்டுகிறவர், தாலுகா ஆபீஸில் எந்த மேசை எது என்று அறிந்தவர், இவர்கள்தான் நிற்கிறார்கள். வருகிறவருக்கு முதல் நாளே ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிடுவோம்: எங்கள் கையைப் பிடித்து இழுக்காதே, உன் முழங்கையைக் கொடு, நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். கணக்கு வழக்கை மாதக் கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்கிறோம். கண் தெரியாதவர்கள் சங்கத்தில் கணக்கைத் தாளில் எழுதி ஒட்டினால் யாருக்கு லாபம்?

இப்போது கையில் இருக்கிற வேலை வேறு மாதிரி. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராகச் சேர்க்க 2025இல் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. எங்கள் குழுவில் ஒரு பெண் விண்ணப்பம் போட்டிருக்கிறார். நியமனம் கிடைக்குமோ கிடைக்காதோ, அவர் முன்கூட்டியே ஒரு கடிதமும் கொடுத்துவிட்டார். கூட்டத்தில் வைக்கிற தீர்மானங்களை அச்சுத் தாளாகக் கொடுத்தால் தன்னால் படிக்க முடியாது, மூன்று நாள் முன்னால் போனுக்கு எழுத்தாக அனுப்ப வேண்டும் என்று. ஆபீஸில் வாங்கிப் பார்த்தவர், "இன்னும் உறுப்பினரே ஆகலையேம்மா" என்றாராம். "ஆனதுக்கு அப்புறம் கேட்டா முதல் கூட்டம் போயிருமே சார்" என்று சொல்லி ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்திருக்கிறார். கூட யாரும் போகவில்லை.